முடிவெடுக்கும் இடம்

பாப்பாவுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வெளியூர்க் கல்லூரியில் படிக்கும் மகள் இருக்கிறாள். ஆனாலும் அண்ணன் வாயில் அவள் பாப்பாதான். முதலாளி அப்படிக் கூப்பிடுவதால் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் பாப்பாக்கா.

தண்ணீர்ப் பம்புகளுக்குள் மாட்டும் ரப்பர் வளையங்களைச் செய்யும் தொழிற்சாலை அது. அச்சிலிருந்து வரும் வளையங்களை விளக்கின் கீழே பிடித்து, விரலால் இழுத்து, ஓரத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துப் பிரிப்பது அவள் வேலை. கணவன் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போன வருஷம், இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றவளை அண்ணன் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாடியைக் காலிசெய்து கொடுத்தார். பிள்ளையின் படிப்பைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். அதனால் அண்ணன் நீட்டிய காகிதங்களில் கையெழுத்துப் போடும்போது அவளும் ஏன், எதற்கு என்று கேட்டதில்லை.

அன்று மதியம் அண்ணன் அவள் மேஜைக்கே வந்தார். வழக்கமாக ஆள் விட்டுத்தான் கூப்பிடுவார்.

"பாப்பா, நீ ஒரு நடை அங்க போயிட்டு வரணும்."

அங்கே என்றால் எல்லைக்கு அந்தப் பக்கம். பஸ் ஏறினால் அரை நாள் பயணம்தான்; ஆனால் வேறு நாடு, வேறு சட்டம், வேறு பணம். அந்த நாட்டில் அண்ணனுக்கு இன்னொரு கம்பெனி இருப்பது அவளுக்குத் தெரியும். அங்கே லாபத்துக்கு வரி குறைவு. இங்கே செய்த வளையங்களை இந்தக் கம்பெனி அந்தக் கம்பெனிக்கு அடிமாட்டு விலைக்கு விற்கும். அந்தக் கம்பெனி அதையே பம்பு செய்பவர்களுக்கு நல்ல விலைக்கு விற்கும். லாபமெல்லாம் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்த ஆடிட்டருக்கு இரண்டு நாட்டு வரிச் சட்டமும் தண்ணீர்பட்ட பாடு. "திருட்டு இல்லம்மா, திட்டம்" என்று ஒருமுறை அவளிடமே சொல்லியிருக்கிறார்.

"நான் எதுக்குண்ணா?"

"அந்தக் கம்பெனிக்கு நீதானே டைரக்டர்."

ஏதோ கடைக்குப் போய்வரச் சொல்வதுபோல அண்ணன் சொன்னார். பாப்பாவின் கையிலிருந்த வளையம் நழுவி மேஜைக்கடியில் உருண்டது. அந்தக் கம்பெனிக்காகக் கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருந்தது. வீட்டு ஆள் ஒருத்தர் பேர் வேண்டும், அண்ணி பேர் ஏற்கெனவே இங்கே இருக்கிறது என்றார்கள். அதோடு பாஸ்போர்ட்டும் எடுத்துக் கொடுத்தார்கள். அது ஒரு முத்திரைகூட விழாமல் பீரோவில் கிடந்தது.

"நம்ம நாட்டு வரி ஆபீஸ்ல அங்க எழுதிக் கேட்டிருக்காங்களாம், நிஜமாவே அப்படி ஒரு கம்பெனி நடக்குதான்னு. அங்க இருக்கிற அதிகாரிங்க ஆபீஸைப் பார்க்க வர்றாங்க. டைரக்டர்கிட்ட நாலு வார்த்தை பேசணுமாம். போய் உட்கார்ந்து, ஆடிட்டர் சொல்லிக் கொடுக்கிறதைச் சொல்லிட்டு வந்துடு."

"நான் அங்க போனதே இல்லையேண்ணா."

"அதை மட்டும் சொல்லிடாத" என்று அண்ணன் சிரித்தார். அவளும் சிரித்துப் பார்த்தாள்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஆடிட்டர் உட்கார்ந்திருந்தார். வெடவெடவென்று ஒல்லியான மனிதர். வழி நெடுகப் பாடம் நடத்தினார்.

"கம்பெனி எங்கிருந்து நடக்குது?"

"இங்கிருந்துதான்."

"விலை யாரு வைக்கிறது?"

"நான்தான்."

"தொழிற்சாலைக்காரர் யாரு?"

"எங்க அண்ணன்."

"அண்ணன்னு ஆரம்பிக்காதீங்கம்மா. சப்ளையர்னு சொல்லுங்க."

"சப்ளையர்" என்றாள். நாக்கில் அந்தச் சொல் ஒட்டவே இல்லை.

"ரொம்பக் குழப்பிக்காதீங்க. சட்டம் கேட்கிறது ஒரே ஒரு கேள்விதான். கம்பெனி எந்த நாட்டுல பதிவாயிருக்குங்கிறது பெரிசில்ல. எங்க உட்கார்ந்து முடிவெடுக்கிறாங்க, அதுதான். அங்க உட்கார்ந்து நீங்க முடிவெடுக்கிறீங்கன்னு ஆச்சுன்னா அந்த நாட்டு வரியோட போச்சு. முடிவெல்லாம் உங்க அண்ணன் வீட்ல உட்கார்ந்து எடுக்கிறாருன்னு ஆச்சுன்னா..." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மீதியை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தூக்கம் கொஞ்சமாவது வந்திருக்குமோ என்னவோ. சொல்லாமல் விட்டது அவளை அரித்தது.

எல்லைச் சாவடியில் வரிசை நகர நகர அவள் பதிலைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டால் 'வீட்டுக்குப் போறேன்' என்று சொல்ல வேண்டும். அந்த நாட்டில் அவள் பெயரில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்ததாக ஒப்பந்தம் இருக்கிறதாம். முகவரியை மனப்பாடம் செய்திருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் தலையைக்கூடத் தூக்காமல் முத்திரையைக் குத்தித் தள்ளிவிட்டார். வீட்டுக்குப் போறேன் என்று சொல்ல வேண்டியே வரவில்லை. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை விடுதியிலிருந்து கிளம்பி அந்த அலுவலகத்துக்குப் போனார்கள். லிப்ட் இருந்தது, ஓடவில்லை. மாடி ஏறி, நீளமான நடைபாதையின் கடைசிக் கதவுக்கு வந்ததும் ஆடிட்டர் பையிலிருந்து சாவிக்கு முன்னால் ஒரு திருப்புளியை எடுத்தார். கதவில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு கம்பெனிகளின் பெயர்ப் பலகைகள் இருந்தன. ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"இதெல்லாம் யாரோடது சார்?"

"எல்லாம் உங்களை மாதிரி டைரக்டருங்கதான்."

பலகைகள் இருந்த இடத்தில் மரம் வெளிறி, திருகாணி ஓட்டைகள் தெரிந்தன. கைக்குட்டையை நனைத்து அவர் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. உள்ளே ஒரு மேஜை, இரண்டு அலமாரி, பிளாஸ்டிக் உறை பிரிக்காத நாற்காலி. உறையை உரித்துச் சுருட்டி அலமாரிக்குள் திணித்தார். சுவர்க் காலண்டர் எப்போதோ நின்றுபோயிருந்தது. சில மாதங்களை ஒரே கிழியாகக் கிழித்தார். கீழே போய் ஒரு கோப்பை டீ வாங்கிவந்து, பாதியைத் தானே குடித்துவிட்டு, மீதியை அவள் முன்னால் வைத்தார்.

"பாதி குடிச்ச டீ இருந்தா இடத்துக்கு ஒரு களை வரும்" என்றார்.

பாப்பா அந்தக் கோப்பையைப் பார்த்தாள். வேறொருத்தர் எச்சில் பட்டதைத் தன்னுடையது என்று சொல்லப்போகிறோம் என்று நினைத்தபோது குமட்டியது.

வந்தவர்கள் இரண்டு பேர். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த ஒரு அம்மாள். மடிக்கணினியோடு ஓர் இளைஞர். அந்த அம்மாள்தான் அதிகாரி. முறைக்கவில்லை, அதட்டவில்லை. "சிரமத்துக்கு மன்னிக்கணும் மேடம்" என்றுதான் ஆரம்பித்தார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பாப்பாவுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. வணக்கம் சொல்லி உட்கார்ந்தபோது நாற்காலி 'புஸ்' என்று அவளோடு கீழே இறங்கியது. எந்தப் பிடியைத் தூக்கினால் அது உயரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. மேஜை நெஞ்சுவரை வந்தது.

"நாற்காலியை மாத்தணும்னு மேடம் சொல்லிட்டே இருக்காங்க" என்றார் ஆடிட்டர்.

கேள்விகள் பஸ்ஸில் படித்த வரிசையிலேயே வந்தன. கம்பெனி எங்கிருந்து நடக்கிறது? இங்கிருந்துதான். விலை யார் வைப்பது? நான்தான். இளைஞரின் விரல்கள் ஒவ்வொரு பதிலையும் தட்டித் தட்டி உள்ளே வாங்கிக்கொண்டன. சொன்ன பொய் காற்றோடு போகாமல் அங்கே போய்ச் சேர்வதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆனாலும் தப்பு வரவில்லை. ஆடிட்டர் முகத்தில்கூட ஒரு தெளிவு வந்தது.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "சரி மேடம். சும்மா ஒரு கேள்வி. கடைசியா நீங்க எடுத்த முடிவு என்ன?"

இது பாடத்தில் இல்லை.

பாப்பா யோசித்தாள். முடிவு என்று தான் எடுத்தது என்ன? போன வாரம்தான் ஒன்று எடுத்தாள். "ஒரு லாட் முழுசையும் தள்ளிட்டேன்" என்றாள். "ஓரமெல்லாம் வெடிப்பு. இழுத்தா பிளந்துடும். அனுப்ப வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"அப்படியா? பெரிய முடிவுதான். எங்க வச்சுப் பார்த்தீங்க?"

"என் மேஜையிலதான். லைட்டுக்குக் கீழ வச்சு."

அந்த அறையில் குழல் விளக்கைத் தவிர வேறு விளக்கு இல்லை. ரப்பர் துணுக்கு ஒன்றுகூட இல்லை. ஆடிட்டர் இருமினார். அதிகாரி வெறும் மேஜையைப் பார்த்தார், பிறகு பாப்பாவின் விரல்களைப் பார்த்தார். நகக்கண்களில் ரப்பர்க் கறுப்பு எத்தனை தேய்த்தாலும் போவதில்லை.

"உங்க பாஸ்போர்ட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

"அது மேடம் வீட்ல இருக்கு" என்று ஆடிட்டர் முந்திக்கொண்டார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. நாங்களும் வீட்டை ஒரு எட்டுப் பார்க்கணும். நடந்தே போயிடலாமா மேடம், எந்தப் பக்கம்?"

பாஸ்போர்ட் அவள் மடியிலிருந்த கைப்பைக்குள் இருந்தது. வீடு எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியாது. முகவரி தெரியும், அதைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். இடது பக்கமா, வலது பக்கமா என்று அது சொல்லவில்லை.

அதிகாரி ஆடிட்டரை வெளியே இருக்கச் சொன்னார். கதவு சாத்தியதும் அவர் குரல் மாறியது. மேடம் போய் அம்மா வந்தது.

"இங்க பாருங்கம்மா. இதுவரைக்கும் பேசினது பேச்சு. இனிமே எழுதி உங்க கையெழுத்து வாங்கப் போறேன். அதுல பொய் இருந்தா அது குற்றம். இப்பவே உள்ளதைச் சொன்னா வரியோட அபராதத்தோட முடியிறதுக்கு வழி இருக்கு."

"எங்க அண்ணனை ஏதாவது செஞ்சிடுவீங்களா?"

அதிகாரி கம்பெனிக் காகிதங்களை அவள் முன்னால் விரித்தார். "எந்த அண்ணன்? இந்தக் கம்பெனியில உங்க அண்ணன் பேரு எங்கயுமே இல்லையேம்மா. டைரக்டர் நீங்க. பங்கெல்லாம் உங்க பேர்ல. பேங்க் கணக்கு உங்க கையெழுத்து. என்ன நடந்தாலும் அது உங்களுக்குத்தான்."

இத்தனை நேரமும் பாப்பா பயந்தது இவர்களுக்கு. இப்போது அந்தப் பயம் இடம் மாறியது. அண்ணனுக்கு இது தெரிந்திருக்குமா?

"ஒரு போன் பேசிக்கலாமா?"

"பேசுங்க. உங்களை யாரும் கைது பண்ணல."

கைது என்ற சொல் மட்டும்தான் அவள் காதில் நின்றது. பண்ணல என்பது விழவே இல்லை.

நடைபாதை ஜன்னலோரம் நின்று அண்ணனைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"முடிஞ்சுதா பாப்பா?"

"அண்ணா, எல்லாமே என் பேர்லயா இருக்கு? உங்க பேரே இல்லன்னு சொல்றாங்க."

"அது ஆடிட்டர் செஞ்ச ஏற்பாடு. சொல்லிக் கொடுத்ததைச் சொல்லிட்டு வா, போதும்."

"வீட்டைக் காட்டச் சொல்றாங்கண்ணா."

அந்தப் பக்கம் அச்சு இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"எதாவது ஆச்சுன்னா எனக்குத்தான் ஆகுமாம். உங்களுக்கு இது தெரியுமா?"

"உனக்கு நான் என்ன குறை வச்சேன், பாப்பா?"

தெரியாது என்று அவர் சொல்லியிருந்தால், பொய்யாகவே இருந்தாலும் அவள் நம்பியிருப்பாள். போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது ஆடிட்டர் நடைபாதையில் இல்லை. படியில் அவர் செருப்புச் சத்தம் கீழே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

அறைக்குள் வந்து கைப்பையைத் திறந்தாள். அவசரத்தில் சீப்பும் சில்லறையும் கீழே கொட்டின. இளைஞர் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார். பாஸ்போர்ட்டை மேஜைமேல் வைத்தாள். அதில் ஒரே ஒரு முத்திரை இருந்தது, முந்தைய நாள் வாங்கியது.

"நான் இந்த ரூமுக்கு இன்னைக்குத்தாங்க வந்தேன்" என்றாள். அதற்குமேல் அழுகைதான் வந்தது. அதிகாரி அவசரப்படுத்தவில்லை. டீக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். அது என்னுது இல்லைங்க என்று அதையும் சொல்லிவிட்டாள்.

சொல்லி முடித்தால் பயம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. பாஸ்போர்ட்டை அவர்கள் ரசீது கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். கம்பெனியை உண்மையில் நடத்துகிறவர் வந்து எழுதிக் கொடுக்கும்வரை அவள் ஊர் திரும்ப முடியாது. அவர் வராவிட்டால் காகிதத்தில் இருப்பதுதான் கணக்கு. விடுதிக்குத் திரும்பியபோது ஆடிட்டர் அறையைக் காலிசெய்திருந்தார். அவர் போன் அணைந்து கிடந்தது.

காலையில் எழுந்ததும் வரி அலுவலகத்துக்குப் போய் நடைபாதைப் பெஞ்சில் உட்காருவாள். யாரும் வரச் சொல்லவில்லை. விடுதி அறையில் இருந்தால் வெளியே கேட்கும் ஒவ்வொரு காலடியும் தனக்காகத்தான் வருகிறது என்று தோன்றியது. இங்கே இருந்தால் வரவேண்டிய இடத்துக்குத் தானே வந்துவிட்டதுபோல ஒரு சமாதானம். மகளிடம் போனில் ஆர்டர் விஷயமாக வந்திருப்பதாகச் சொன்னாள். குரல் ஏன் ஒருமாதிரி இருக்கிறது என்று மகள் கேட்டதற்கு, சளி என்றாள்.

அண்ணன் கூப்பிடவில்லை. அண்ணிதான் கூப்பிட்டாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"பாப்பா, சாப்பிட்டியா?"

"அண்ணன் வர்றாராண்ணி?"

"வக்கீலைப் பார்க்கப் போயிருக்காரு."

"எனக்காகவா?"

"நான் பேசறேன் அவர்கிட்ட. நீ தைரியமா இரு" என்று அண்ணி போனை வைத்துவிட்டாள். தைரியமாக இரு என்று ஒருத்தி சொன்னதே பாப்பாவுக்குப் போதுமானதாக இருந்தது, இருந்த கொஞ்ச தைரியமும் போவதற்கு. எத்தனை முறை அண்ணி அப்படி ஒரு வார்த்தையும் சொல்லாமல் தட்டில் சோற்றைப் போட்டு வைத்திருக்கிறாள்! வீட்டில் எல்லாம் சரியாக இருந்தால் அண்ணி தைரியம் சொல்லும் ஆள் இல்லை.

அன்றும் அண்ணன் வரவில்லை. மறுநாளும் பெஞ்சில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனைப் போலவே தோள் சரிந்த ஒருவர் வந்தபோது எழுந்து நின்றாள், வேறு யாரோ. வராமல் இருந்துவிட்டால் அவருக்கு ஒன்றுமே ஆகாதோ என்ற கணக்கு அப்போதுதான் முழுசாக மனதில் ஓடியது. தொழிற்சாலை இருக்கும், வீடு இருக்கும், பெயர் இருக்கும். குறைவது ஒரு தங்கை. மகளை யார் பார்த்துக்கொள்வார்கள்? அண்ணன்தான் பார்த்துக்கொள்வார், குறை வைக்காமல்.

மதியச் சாப்பாட்டுக்கு அலுவலகம் கலையப்போகும் நேரத்தில் அண்ணன் வந்தார். முகம் மழிக்கவில்லை. கூட வக்கீல் இருந்தார். அண்ணன் அவளை ஒரு முறை பார்த்தார். நேரே உள்ளே போனார். கதவு முழுசாக மூடவில்லை. அவர் குரல் வெளியே வந்தது.

"முடிவெல்லாம் நான்தான் எடுத்தேன். விலை நான் வச்சேன். அவ கையெழுத்து மட்டும்தான் போட்டா. என் தங்கச்சிக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

பாப்பா பெஞ்சில் உட்கார்ந்தபடியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதன்பிறகு நடந்தது எல்லாம் காகிதத்திலும் காத்திருப்பதிலும் போனது. கம்பெனி நடந்தது சொந்த நாட்டில்தான் என்று முடிவாகி, இத்தனை வருஷ லாபத்துக்கும் இங்கேயே முழு வரி, வட்டி, அபராதம் விழுந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்த சொற்ப வரியைக் கழித்துக்கொண்டார்கள். தானாக வந்து ஒப்புக்கொண்டதால் வழக்கு என்று போகவில்லை. தெரியாமல் போட்ட கையெழுத்துக்குப் பாப்பாவுக்கும் ஒரு சின்ன அபராதம் வந்தது. அதை அண்ணன் கட்டினார். அந்தக் கம்பெனி மூடப்பட்டது. புதிதாக வாங்கிய அச்சு இயந்திரங்கள் இரண்டும் விலைபோயின. ஆடிட்டரைத் தேடிப் பல கம்பெனிக்காரர்கள் அலைந்தார்கள்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் அண்ணன் அவள் பையைத் தூக்கி மேலே வைத்தார். தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். சொல்ல வேண்டியதை அண்ணியிடம் சொல்வார். அண்ணி மாடிக்கு வந்து சொல்வாள். பாப்பா மறுபடி தன் மேஜையில் வேலை பார்த்தாள். வாசலில் யாராவது மணி அடித்தால் இப்போதும் கையிலிருந்த வளையத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

மழை வருவதுபோல் இருந்த ஒரு சாயங்காலம் அண்ணியும் அவளும் மொட்டை மாடியில் துணிகளை அவசரமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரொம்ப நாளாக மென்று விழுங்கியதைப் பாப்பா கேட்டுவிட்டாள்.

"அண்ணி, நீங்க சொல்லித்தானே அண்ணன் வந்தாரு?"

"நான் சொன்னேன். கத்தினேன், அழுதேன், எல்லாம் செஞ்சேன்."

"நீங்க சொல்லாட்டி வந்திருப்பாரா?"

அண்ணி கையிலிருந்த போர்வையின் ஒரு முனையை அவளிடம் நீட்டினாள். இருவரும் பிடித்து மடித்தார்கள்.

"அதை அவர்கிட்ட மட்டும் கேட்டுடாத பாப்பா" என்றாள் அண்ணி. "நானும் கேட்கல. கேட்டா உண்மையைச் சொல்லிடுவாரோன்னு எனக்குப் பயமா இருக்கு. நானும் அவர் நீட்டின இடத்துலதானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

முதல் தூறல் விழுந்தது. துணிகளை வாரிக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள்.